ஆவிகளின் வழக்கு

பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரில், 2005 ஏப்ரலில் ஒளிபரப்பான கதையொன்று நெடிய விவாதத்தை எழுப்பிற்று. கதை நிகழ்வது 1869 இல், கார்டிஃப் நகரில். போரில் உடலிழந்த 'கெல்த்' என்னும் வாயுவுருவினர், தாம் மிகச் சிலரே எனக் கூறிப் பிணங்களிற் குடியிருக்க இடங்கேட்கின்றனர். டொக்டர் இரங்குகிறார், தோழி றோஸ் மறுக்கிறாள். வழி திறந்ததும் பெருந்திரளாய்ப் பாய்ந்து, உயிருள்ளோரையும் கொல்ல முனைகின்றனர். பணிப்பெண் குவெனத், தன்னையும் ஈந்து அவர்களை எரித்தழிக்கிறாள்.

அடைக்கலம் கேட்போரை ஐயுறக் கற்பிக்குங் கதையிது என்றனர் ஒருசாரார். வஞ்சித்தோர் கெல்த் மட்டுமே, அகதிகளெல்லாரும் அல்லர் என்றனர் மறுசாரார். டொக்டர் இரங்கியது பிழையன்று; ஆராயாது இசைந்ததே பிழை. ஒருவர் வஞ்சித்தாரென்று எல்லோர்க்கும் கதவடைப்பதும் ஆராயாமையே அன்றோ?