குப்பைக்குப் போகுமுன் ஒரு நிமிஷம்!

"பழைய இரும்பு, பித்தளை, பேப்பர்!" என்ற குரல் தெருக்கோடியில் கேட்டதுமே உங்கள் கண் எங்கே போகிறது? பரணுக்குத்தானே! அங்கே, கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் கிழிந்த பாய்க்கும் நடுவில், பழைய கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை கல்லூரியில் படித்தபோது வாங்கியது. இப்போது தூசி படிவதைத் தவிர வேறு எதற்கும் அது உபயோகமில்லை. "இதையும் போட்டுவிடலாமா?" என்று யோசிக்கிறீர்கள்.

போடுவதாயிருந்தால் போடுங்கள், வேண்டாம் என்று தடுக்க நான் யார்? ஆனால் ஒரே ஒரு நிமிஷம் பொறுத்து, ஓர் அம்மாளின் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மில்பிடாஸ் என்று ஓர் ஊர். பழைய மின்சார சாமான்களை வாங்கிப் பிரித்தெடுக்கும் ஸ்தாபனம் ஒன்று அங்கே இருந்தது. 2015-ம் வருஷம் ஓர் அம்மாள் சில அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து அங்கே இறக்கினார். கணவர் காலமாகிவிட்டார் என்றும், கார் ஷெட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது கிடைத்த சாமான்கள் இவை என்றும் சொன்னார். ரசீது வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்துப் பெட்டிகளைப் பிரித்தவர்கள் திகைத்துப் போனார்கள். உள்ளே இருந்தது 'ஆப்பிள்-1' கம்ப்யூட்டர்! ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற இரு வாலிபர்கள் 1976-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மொத்தமே சுமார் 200-தான் செய்தார்கள். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை: பச்சை அட்டை ஒன்றில் பூச்சி பூச்சியாகச் சில்லுகள், அவ்வளவுதான். கீபோர்டும், டெலிவிஷனும், மூடி வைக்கப் பெட்டியும் வாங்குகிறவரே தேடிக்கொள்ள வேண்டும். அன்றைய விலை 666 டாலர் 66 சென்ட். மறு வருஷமே அதைவிட நல்ல யந்திரம் வந்துவிட்டது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனியே அழைத்தது. திரும்பி வந்தவற்றை உடைத்துப் போட்டது. எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பழைய பட்டுப்புடவை போடுகிற வியாபாரம் நமக்குப் புதிதா, என்ன?

அப்படித் தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்றுதான் அந்த அம்மாளின் பெட்டியில் இருந்தது. ஸ்தாபனத்தார் அதை 2 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அன்றைய கணக்கில் நம் பணம் ஒன்றேகால் கோடி! பாதித் தொகை கொண்டுவந்தவருக்கு என்பது அவர்கள் வழக்கம். ஆகவே, "அம்மா, நீங்கள் யாராயிருந்தாலும் வந்து உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பத்திரிகைகள் வாயிலாகத் தேடினார்கள்.

பணம் கிடக்கட்டும். என் மனத்தை உறுத்துவது வேறு. அந்தக் கணவர் அதை எத்தனையோ வருஷம் கார் ஷெட்டில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் அது இன்னதென்று மனைவிக்குத் தெரிந்திருக்கவில்லை போலும்!

நாலு பருவங்கள்

மனிதருக்குப் போலவே சாமான்களுக்கும் பருவங்கள் உண்டு. முதலில் புதுசு. பிறகு பழசு. அப்புறம் குப்பை. கடைசியில் பொக்கிஷம். இதில் கண்டம் எல்லாம் அந்த மூன்றாவது பருவத்தில்தான். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு அதைத் தாண்டி வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கோ அந்தக் கண்டம் மிகச் சீக்கிரமே வந்துவிடுகிறது. பத்து வருஷத்தில் அது குப்பை. பொக்கிஷமாக இன்னும் முப்பது, நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை தீபாவளிகள், எத்தனை வெள்ளையடிப்புகள், எத்தனை வீடு மாற்றங்கள்!

இத்தனையையும் தாண்டி வந்த ஒரு யந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற இடத்தில் அணு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே கணக்குகள் மலைபோல் குவிந்தன. படித்த இளைஞர்கள் மேஜையில் கணக்கு மெஷினை வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் 'கம்ப்யூட்டர்' என்றால் யந்திரம் என்று மட்டும் அர்த்தமில்லை. கணக்குப் போடும் உத்தியோகத்தில் இருந்தவரையும் அப்படி அழைத்தார்கள். உலகெங்கும் அந்த உத்தியோகத்தில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்தச் சலிப்பான வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்க டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் என்ற மூவர் முனைந்தார்கள். 1949-ல் ஆரம்பித்து 1951-ல் யந்திரத்தை ஓட வைத்துவிட்டார்கள். எடை இரண்டரை டன்! அதில் 'டெகட்ரான்' என்ற கண்ணாடிக் குழாய்கள் 828. ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளிப்பொட்டு, வட்டமாக உள்ள பத்து இடங்களைச் சுற்றிச் சுற்றி வரும். எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே எண். அதாவது, யந்திரம் மனக்கணக்குப் போடுவதை நாம் கண்ணாலேயே பார்க்கலாம்!

வேகத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். இரண்டு எண்களைப் பெருக்க 5 முதல் 10 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். கணக்கில் கெட்டிக்காரரான ஃபாஸி என்பவர் தம் மேஜை மெஷினுடன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டி போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் சரிக்குச் சரியாக ஈடுகொடுத்தார். பிறகு களைத்துப்போய் எழுந்துவிட்டார். யந்திரமோ களைக்கவில்லை. அதன் பெருமையே அதுதான். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆளே இல்லாமல் பத்து நாள் தொடர்ந்து ஓடியிருக்கிறது. நிதானமாக நடந்தாலும் நிற்காமல் நடக்கிற மாமியார்களைப் போல!

1957-ல் அதற்கு வேலை போயிற்று. வேகமான யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் உடைத்துப் போடவில்லை. யார் இதை நன்றாகப் பயன்படுத்துவார்களோ அவர்களுக்கே தருவோம் என்று கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி வைத்தார்கள். உல்வர்ஹாம்ப்டன் கல்லூரி ஜெயித்தது. புதுப் பெயரும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் 'விட்ச்', அதாவது சூனியக்காரி! 1973 வரை அந்தச் சூனியக்காரி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். பிறகு பர்மிங்காம் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் போய் அமர்ந்தாள்.

அங்கே 1970-களில் அவளைப் பார்த்து மயங்கி நின்ற பையன்களில் ஒருவன் கெவின் மரெல். வருஷங்கள் உருண்டன. 1997-ல் பொருட்காட்சி சாலையையே மூடிவிட்டார்கள். யந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடங்கில் அடுக்கினார்கள். உலகம் மறந்தது.

2008-ம் வருஷத்தில் ஒரு நாள். ஏதோ ஒரு கிடங்கில் உள்ள சாமான்களின் போட்டோ ஒன்று மரெலின் கண்ணில் தற்செயலாகப் பட்டது. மூலையில் ஒரு பலகை. பொத்தான்களும் விசைகளும் வைத்த பலகை. எங்கோ பார்த்த முகமாயிருக்கிறதே? ஆம், சின்ன வயதில் பார்த்த அதே சூனியக்காரி!

2009-ல் அந்தத் துண்டுகள் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டர் பொருட்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தன. டெல்வின் ஹோல்ராய்ட் என்பவர் தலைமையில் தொண்டர்கள் மூன்று வருஷம் உழைத்தார்கள். கூடியமட்டும் பழைய உறுப்புகளையே துடைத்து, பழுது பார்த்துப் பொருத்தினார்கள். 2012 நவம்பர் 20-ம் தேதி, ஆரஞ்சுப் பொட்டுகள் மீண்டும் சுற்ற ஆரம்பித்தன. அதை உருவாக்கியவர்களில் இருவர், தள்ளாத வயதில், எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். ஆதியில் செய்த உறுப்புகளுடனேயே இயங்கும் கம்ப்யூட்டர்களில் உலகிலேயே மிகப் பழையது இன்று அதுதான்.

ஒரு பையனின் ஞாபகம் இல்லாவிட்டால்?

எரிந்துபோன காகிதங்கள்

'இல்லாவிட்டால்' என்ன ஆகும் என்பதற்கு அதே பிளெட்ச்லி பார்க்கிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளைக் கண்டுபிடிக்க, டாமி ஃப்ளவர்ஸ் என்ற என்ஜினீயர் 'கொலாசஸ்' என்ற யந்திரத்தை உருவாக்கினார். 1944-ல் முதல் யந்திரம் ஓட ஆரம்பித்தது. யுத்தம் முடிவதற்குள் பத்து ஆயின. இரவு பகலாக அவற்றை ஓட்டியவர்கள் யார்? கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள்!

யுத்தம் முடிந்ததும் யந்திரங்களைப் பிரித்துவிட உத்தரவு வந்தது. இரண்டு மட்டும் சர்க்காரிடம் தங்கின. பிற்பாடு அவையும் போயின. வரைபடங்களை எரிக்கச் சொன்னார்கள். ஃப்ளவர்ஸ் தம் கையாலேயே அவற்றை அடுப்பில் போட்டார். ஓட்டிய பெண்களும் வாய் திறக்கக் கூடாது. கல்யாணமாகிக் குழந்தைகள் பெற்ற பிறகும், யுத்த காலத்தில் என்ன செய்தோம் என்பதைக் கட்டிய கணவரிடம்கூடச் சொல்லாமல் பல்லாண்டுகள் இருந்தார்கள்.

1993-ல் டோனி சேல் என்பவர் ஒரு கொலாசஸைத் திரும்பக் கட்டத் துணிந்தபோது அவர் கையில் இருந்தவை: எட்டு போட்டோக்கள், என்ஜினீயர்கள் சிலர் சட்டத்துக்கு விரோதமாக ஒளித்து வைத்திருந்த சில துண்டுப் படங்கள், வயோதிகர்களின் ஞாபகம். அவ்வளவே. கட்டி முடிக்கப் பதினான்கு வருஷமாயிற்று. ஒரு நாளில் எரித்ததை மீட்க எத்தனை வருஷம், பார்த்தீர்களா?

நம் வீட்டுப் பெட்டி

"எங்கள் பரணில் இருப்பதும் கோடி ரூபாய் பெறுமா?" என்று நீங்கள் கேட்கலாம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் பெறாது. லட்சக்கணக்கில் செய்து விற்றதற்கு ஏது அபூர்வம்? ஆனால் விலை பெறாதது எல்லாம் வீண் என்று ஆகிவிடுமா? குழந்தை முதன் முதலில் எழுதிய சிலேட்டுக்குக் கடையில் என்ன விலை!

வைத்துக்கொள்வதாயிருந்தால் சில விஷயங்கள் கவனியுங்கள். பல வருஷம் தூங்கிய யந்திரத்தை இறக்கியதும் இறக்காததுமாக மின்சாரத்தில் சொருகாதீர்கள். உள்ளே சில உறுப்புகள் கெட்டுப்போயிருந்தால் புகை வரும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு முதலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே உள்ள பாட்டரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது கசிந்தால் சுற்றியுள்ள தகட்டை எல்லாம் அரித்துத் தின்றுவிடும். பழைய டெலிவிஷன் போன்ற கனமான திரையை நீங்களாகத் திறக்கவே வேண்டாம். நிறுத்திய பிறகும் அதில் கொடிய மின்சாரம் தங்கியிருக்கும். வெள்ளைப் பெட்டி மஞ்சளாகியிருந்தால் அது அழுக்கு அல்ல. தீப்பற்றாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் கலந்த மருந்தும் வெளிச்சமும் சேர்ந்து செய்கிற வேலை. புளி போட்டுத் தேய்த்துப் பயனில்லை!

பழைய பிளாப்பித் தட்டுகள் இருந்தால், அதில் உள்ளதைச் சீக்கிரம் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பூத்துவிட்டால் அதிலுள்ள கடிதங்களும் படங்களும் போனவைதான். தூக்கிப் போடுவதென்றே தீர்மானித்தால், உங்கள் சொந்த விஷயங்களை அழித்துவிட்டு, மின்கழிவு சேகரிக்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். உள்ளே ஈயம் இருக்கிறது. சந்து முனையில் அதை எரிப்பது நம் குழந்தைகளின் மூச்சுக்கே ஆகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அதற்குச் செலவே இல்லை. ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதுங்கள். 'இது இன்ன யந்திரம். இன்ன வருஷம், இன்ன விலைக்கு வாங்கினோம். இதில் இன்னார் இன்னது செய்தார்.' அந்தச் சீட்டைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். கம்ப்யூட்டர் மட்டுமல்ல, பாட்டியின் தையல் மெஷினாயிருந்தாலும் சரி, தாத்தாவின் ரேடியோவாயிருந்தாலும் சரி.

பரணில் இருக்கும் சாமானுக்கு வாய் கிடையாது. நாம் எழுதி வைத்தால்தான் அது பேசும். மில்பிடாஸில் அந்தக் கணவர் நாலு வரி எழுதி வைத்திருந்தால், கார் ஷெட்டை ஒழித்த அன்று அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெட்டியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

அதோ, பழைய இரும்புக்காரர் குரல் நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள்!