சுவரோடு சேர்ந்து நிற்கும் தூண்

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு பழைய தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், வரிசை வீடுகளின் உச்சியில் செங்கல் புகைபோக்கிகள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு, ஆறு, எட்டு என்று சுட்ட மண் குழாய்கள். பொதுவாகக் கணப்பு ஒன்றுக்குக் குழாய் ஒன்று. ஊட்டி, குன்னூர் பங்களாக்களில் நாம் பார்த்திருக்கும் அதே கணப்புதான். விக்டோரியா காலத்து வீடுகளில் படுக்கையறைகளிலும் அதைக் கட்டினார்கள்.

இன்று அந்தக் குழாய்களில் பெரும்பாலானவற்றில் புகை இல்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து லண்டனை அமுக்கின. சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர் வட கடல் எரிவாயுவும் சுடுநீர் ரேடியேட்டர்களும் வீடுகளுக்குள் நுழைய, கணப்பு அணைந்தது. அறையின் நடுச்சுவரில் அதன் செங்கல் புடைப்பு மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கட்டில் போடவோ அலமாரி வைக்கவோ இடம் தேடுபவர்களுக்கு, அதை இடித்துவிடலாமே என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அது வெறும் புடைப்பு அல்ல. அடித்தளத்தில் கிளம்பி, மாடியறையையும் பரணையும் கடந்து, கூரைக்கு மேல் தலை நீட்டும் ஒரே தூண். கீழ்த்தளக் கணப்பின் புகைவழி, மாடிக் கணப்பைச் சுற்றி ஒரு பக்கமாக வளைந்து ஏறும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய செங்கல் தடுப்பு. செங்கல் கட்டு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,800 கிலோ எடை. 1.4 மீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் துருத்தலும் கொண்ட புடைப்பில் உள்வெற்றிடத்தைக் கழித்தாலும், ஒரு தளத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் தேறும். கீழே மட்டும் இடித்தால் மாடியிலும் கூரையிலும் உள்ள சுமை அந்தரத்தில் தொங்கும்.

அதைத் தாங்க, பக்கச் சுவர்களில் ஊன்றிய இரும்பு உத்திரம் போடுகிறார்கள். முன்பெல்லாம் பொதுச்சுவரில் முக்கோண இரும்புத் தாங்கிகளைப் பொருத்துவது வழக்கம். இப்போது பல உள்ளாட்சிகள் அதை ஏற்பதில்லை. காரணம் அடுத்த வீடு. வரிசை வீடுகளில் இரு வீட்டுப் புகைபோக்கிகளும் ஒரே சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கின்றன. இந்தப் பக்கம் தொங்கும் சுமை சுவரைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டு அதற்கு ஈடு கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தம்முடையதை ஏற்கெனவே எடுத்திருந்தால், அந்த ஈடு இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, இத்தகைய வேலைக்கு இரண்டு மாதம் முன்பே அண்டை வீட்டாருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கட்டட ஒழுங்குவிதிகளின் ஒப்புதல் தனி.

முழுவதும் எடுப்பதானால் வேலை உச்சியிலிருந்து இறங்கும். சாரம் கட்டி, குழாய்களை இறக்கி, கூரைச் சந்தில் நீர் புகாமல் பதித்த ஈயத் தகட்டை உரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு செங்கலாக. பழைய சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. உளி வைத்துத் தட்டினால் கல் உடையாமல் கழன்றுவிடும். கழுவி அடுக்கினால் இன்னொரு சுவருக்கு ஆகும். உள்ளே பல பத்தாண்டுப் புகைக்கரி இருக்கும். சில நேரம் காகக் குடும்பத்துப் பறவையான ஜாக்டா கட்டிய சுள்ளிக் கூடும் இருக்கும். வௌவால் தங்கியிருந்தால் உரிமம் இல்லாமல் வேலையைத் தொடங்கவே முடியாது. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதன் தங்குமிடத்துக்குக் காவல்.

இடித்து முடித்தாலும் தரையில் ஓட்டை இருக்கும். தீப்பற்றக் கூடாதென்று அக்காலத் தச்சர்கள் தரைக் கட்டைகளைக் கணப்புக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்த இடைவெளிக்குப் புதுக் கட்டை போட வேண்டும். நிலக்கரிப் புகையின் தாரும் உப்பும் செங்கலில் ஊறியிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால், புதுப் பூச்சின் மேல் பழுப்புக் கறை எழும்பும். இடிக்காமல் மூடி வைக்கும் புகைவழிக்கும் இதே தொல்லை உண்டு. அதனால் மேலும் கீழும் காற்றுத் துளை விடுகிறார்கள்.

இடிக்கும் கைகளுக்குச் சில நேரம் பழைய காலணி ஒன்று அகப்படுகிறது. தேய்ந்தது, பெரும்பாலும் ஒற்றை, பல வேளை குழந்தையுடையது. எப்போதும் திறந்தே கிடக்கும் வழி புகைபோக்கி என்பதால், தீய ஆவிகளைத் தடுக்க மறைத்து வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஷூத் தொழிலுக்குப் பேர்போன நார்தாம்ப்டன் நகரின் அருங்காட்சியகம் 1950களிலிருந்து இத்தகைய காலணிகளுக்குப் பதிவேடு வைத்திருக்கிறது. ஏறத்தாழ 2,000 பதிவுகள் கொண்ட அதில், புகைபோக்கியிலும் கணப்பருகிலும் கிடைத்தவையே வேறு எந்த ஓர் இடத்தில் கிடைத்தவற்றையும்விட அதிகம்.