காய்ச்சல் முகாமைத் தாண்டிப் போகாதீர்கள்

2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். படுக்கை காலியாகும்வரை வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு நோயாளிகள் கிடந்தார்கள். மூச்சுக்குத் தவித்தவர்களோடு, ‘பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்த பயத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடியவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். கொரோனா கண்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் ஆஸ்பத்திரிப் படியேறாமலே தேறிவிடுவார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லியிருந்தது. மீதி இருபது பேர் யார் யார் என்று தெருவிலேயே கண்டுபிடித்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி தாக்குப்பிடிக்கும்.

அதற்குத்தான் காய்ச்சல் முகாம். தெருமுனையில் ஒரு ஷாமியானா, ஒரு மேசை, சில நாற்காலிகள். நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்து உடல்சூடு பார்ப்பார்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவார்கள். சளி, இருமல், சர்க்கரை, பி.பி. உண்டா என்று கேட்பார்கள். கபசுரக் குடிநீர் கொடுப்பார்கள். 2020-இல் சென்னை மாநகராட்சி தினமும் நூற்றுக்கணக்கில் நடத்திய முகாம்கள் பார்வைக்கு இவ்வளவுதான். தொற்று உறுதியானவர்களுக்கு அடுத்தகட்டமாக ஸ்கிரீனிங் மையம் இருந்தது. ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்து, வீட்டில் இருந்தால் போதுமா, நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற கவனிப்பு மையத்துக்கு அனுப்புவதா, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று அங்கே முடிவு செய்தார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது பயம். தொற்று வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, வாசலைத் தகரம் வைத்து அடைத்த நாட்கள் அவை. வீடு வீடாக வந்து “யாருக்காவது காய்ச்சல் இருக்கா?” என்று கேட்ட பணியாளரிடம் எத்தனையோ பேர் “இல்லை” என்றார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள், அன்றாடக் கூலி போய்விடும் என்ற கவலையில் மறைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மறைத்த காய்ச்சல் ஏழெட்டு நாள் கழித்து மூச்சுத்திணறலாகி நேரே அவசரப் பிரிவில் போய் விழுந்தது. உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோயாளியின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அடுத்த கொள்ளைநோயில் உங்கள் தெருவில் யாராவது தகரத்தோடு வந்தால் உத்தரவைக் கேளுங்கள். கணக்கெடுக்க வருகிற பெண்ணை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். அவரைத் தாக்கிப் படுகாயப்படுத்தினால் 2020-இல் திருத்தப்பட்ட தொற்றுநோய்ச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறை உண்டு.

வீட்டில் இருந்தபடி தேறலாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு கவனம் முடிந்துவிடாது. கொரோனாவில் மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் அளவு இறங்குவதுண்டு. ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே தொடர்ந்து காட்டினாலோ, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டாலோ, மார்பு அழுத்தினாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஆக்சிமீட்டரை ஏமாற்றும். நகத்தைத் துடைத்து, கையைச் சூடாக்கி மறுபடி பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து. நோயின் ஆரம்பத்தில் அது கெடுதல் செய்யும், சர்க்கரையையும் எகிறவைக்கும்.

கொரோனா இல்லாதவர்கள் பட்ட பாடு இன்னொரு பக்கம். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் ஊரடங்கில் தவித்தார்கள். மருந்து விட்டுப்போனால் பக்கவாதமோ மாரடைப்போ வந்து அவர்களும் அதே படுக்கைக்குத்தான் வந்து சேர வேண்டும். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் இதில் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கே போக நேர்ந்தால் உங்கள் உரிமை தெரிந்திருக்க வேண்டும். உயிருக்குப் போராடுகிற நிலையில் வருபவருக்கு முதல் சிகிச்சை தராமல் எந்த மருத்துவரும் அனுப்பக்கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அரசு, தனியார் இருவருக்கும் பொருந்தும். அரசு ஆஸ்பத்திரி உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தராமல் கைவிட்டால் அது வாழும் உரிமையை மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேற்கு வங்கத்தில் தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்ட வழக்கு அது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தனியார் கட்டணத்துக்கும் கடிவாளம் போட முடியும். 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தமிழக அரசு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று வரம்பு விதித்தது. வரம்பு தெரியாமல் அதற்கு மேல் கட்டியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

புகார் சொல்ல 104 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி மீதென்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். காசு கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறையிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இவையெல்லாம் நோய் வந்தபிறகு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். உங்கள் ஊர் நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறதா, ஆக்சிமீட்டர் வேலை செய்கிறதா, கட்டடத்துக்குக் கரண்ட் இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியபிறகு கையெழுத்துப் போடுங்கள்.