போகரின் நீராவிக் கப்பல்

கதையும் கருவியும் – 7

சென்ற வாரம் மெர்லினைப் பாறைக்கடியில் அடைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். ஆர்தர் மன்னனை ஆளாக்கிய மந்திரவாதி, வரப்போவதெல்லாம் தெரிந்தவன். நிமுவே என்ற பெண்ணின் மேல் கிறுக்குப் பிடித்துத் தன் வித்தையையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். அவன் தொல்லை தாங்காத அவள், அந்த வித்தையாலேயே அவனை உள்ளே போட்டு மூடிவிட்டாள். 1485-ல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் நூல் சொல்லும் கதை இது.

இந்தப் பழங்கதைகளுக்குள் கொதிகலனையும் பித்தளைப் பல்சக்கரத்தையும் நுழைத்துக் காதல் நாவல் எழுதுகிறவர்கள் இன்று ஆங்கிலத்தில் நிறையப் பேர். இவ்வகை எழுத்துக்கு ஸ்டீம்பங்க் என்று 1987-ல் பாதி வேடிக்கையாகப் பெயர் வைத்தவர் கே. டபிள்யூ. ஜீட்டர். பெயர் பிறக்கும் முன்பே, 1889-ல், மார்க் ட்வைன் துப்பாக்கித் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவனை ஆர்தரின் அரசவைக்கு அனுப்பி, தந்திக் கம்பி இழுக்கவைத்து, கவசம் போட்ட வீரர்களைச் சைக்கிளிலும் ஏற்றிவிட்டார்.

தமிழில் இதற்கு ஈடு தேடினால் பழனிக்குத்தான் வந்து சேரவேண்டும். அங்கேயும் ஒரு மெர்லின் உள்ளே இருக்கிறார்.

மலைக்கோயில் பிரகாரத்தில் சித்தர் போகரின் சன்னதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். மரகத லிங்கமும் புவனேஸ்வரியும் அங்கே பூசை பெறுகின்றன. ஒன்பது பாஷாணங்களைக் கட்டித் தண்டாயுதபாணியின் திருமேனியைச் செய்துவிட்டு, இந்த இடத்தில்தான் போகர் சமாதியில் அமர்ந்தார் என்பது பழனியின் நம்பிக்கை. அவர் சீடர் புலிப்பாணி. அந்த வழியில் வந்த ஆசிரமம் இன்றும் அடிவாரத்தில் இருக்கிறது. சீன தேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போய்வந்தவர், கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதைகள் உண்டு.

அவர் பெயரில் வழங்கும் ஏழாயிரம் பாடல்களில் நீராவியால் ஓடும் கப்பலைப் பற்றிய பேச்சும் வருகிறது! வானத்தில் போகும் ஊர்தியும் வருகிறது. செய்தவர் போகர், ஏறிப் பார்த்தவர்கள் சீனத்து மக்கள்.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே நாம் கண்டுபிடித்துவிட்டோம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருபுறம். "எல்லாம் கட்டுக்கதை" என்று புத்தகத்தை மூடி வைக்கிறவர்கள் மறுபுறம். இரண்டு பேருமே நல்ல விருந்தைத் தவறவிடுகிறார்கள் என்பேன். சித்தர்கள் பெயரில் வழங்கும் பல நூல்களைப் போல இதன் மொழியும் பிற்காலத் தமிழ்தான். 1825-ல் என்டர்பிரைஸ் என்ற நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தது. பிறகு நம் துறைமுகங்களிலும் புகைக்கப்பல் பழகிப்போனது. அப்படியொன்றைப் பார்த்தோ கேட்டோ வியந்த ஒரு புலவர், இதெல்லாம் நம் போகருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று பாட்டில் சேர்த்திருக்கலாம். இது என் ஊகம். ஊகம் சரியென்றால், பழைய சித்தர் கையில் புதிய கொதிகலனைக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத புலவர், ஜீட்டருக்கு வெகுகாலம் முன்பே ஸ்டீம்பங்க் எழுதிவிட்டார். நிஜ நீராவி பழனிக்கு வந்தது 1928-ல், திண்டுக்கல்–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது.

சரி, போகரிடம் காதல் இல்லையே என்று கேட்பீர்கள். அதற்கும் பழனியை விட்டு வெளியே போகவேண்டியதில்லை.

பழனிக்குச் சங்க காலத்தில் பொதினி என்று பெயர். ஆவியர் குடிக்கு உரிய மலை. அந்தக் குடியில் வந்த வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. அவன் மனைவி பெயரும் கண்ணகி என்பதும், அவளைப் பிரிந்து அவன் வேறொருத்தியிடம் போய்விட்டான் என்பதும் பாடப் புத்தகத்துக்கு வராத சங்கதி. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் நியாயம் கேட்கிறார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை அந்தப் பாட்டுகள்தான். எங்களுக்குப் பசியுமில்லை, சுற்றத்தின் பாரமுமில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர் என்கிறார் பரணர். உன் நகையும் பொருளும் வேண்டாம், தேரில் குதிரையைப் பூட்டு, அதுவே எங்களுக்குப் பரிசு என்கிறார் அரிசில்கிழார். பரிசில் வாழ்க்கை வாழ்ந்த புலவன் ஒரு வண்டிப் பயணத்தைப் பரிசாகக் கேட்கிறான், அதுவும் இன்னொருத்திக்காக! பேகன் போனானா? அந்த ஐந்து பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நாவல் எழுத நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது.

மயில் என்றதும் சீவக சிந்தாமணிக்குப் போகாமல் இருக்கமுடியாது. காதலில் மூழ்கி ஆட்சியைக் கட்டியங்காரனிடம் கொடுத்துவிட்ட அரசன் சச்சந்தன். அரசி விசயை கருவுற்றிருக்கிறாள். அவள் கண்ட கனவால் ஆபத்தை உணர்ந்தவன், தச்சனை அழைத்துப் பறக்கும் மயில் ஒன்று செய்யச் சொல்கிறான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு என்று திருத்தக்க தேவர் சாமான் பட்டியலே கொடுக்கிறார். ஏழு நாளில் வேலை முடிந்தது. தச்சன் நிஜ மயிலையும் கூடவே கொண்டுவந்து நிறுத்தி, எது உயிருள்ளது என்று கண்டுபிடியுங்கள் என்று அரசனிடமே விளையாடுகிறான். விசையை வலப்பக்கம் திருகினால் மேலே பறக்கும், இடப்பக்கம் திருகினால் காலை மடக்கி அமரும்.

இதில் எனக்குப் பிடித்தது, ஓட்டுகிறவள் அரசி என்பதுதான். அரசன் கூட இருந்து சில நாள் பழக்குகிறான். கட்டியங்காரன் கோட்டையை வளைத்தபோது அவள் தனியாகப் பறந்து போகிறாள். அவனுடைய வெற்றி முரசு காதில் விழ, மயங்கிச் சாய்கிறாள். மயில் சுடுகாட்டில் இறங்க, அங்கே பிறக்கிறான் சீவகன். ஆர்தரின் அரசி குவினவீரைக் காப்பாற்ற அவள் காதலன் லான்சலாட் குதிரையில் வந்தாகவேண்டும். விசயைக்குக் கையில் விசை இருந்தது.

கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை அச்சேற்றியது 1887-ல். டென்னிசன் தம் ஆர்தர் காவியத்தை முடித்து இரண்டு ஆண்டு, ட்வைனின் நாவலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு. அங்கே ரயில் சத்தத்துக்கு நடுவே பழைய மன்னனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ரயில் வந்த பிறகு ஏட்டிலிருந்து இயந்திர மயில் வெளியே வந்தது.

பழனி மலைக்கு 1966-ல் விஞ்சு வந்தது, 2004-ல் ரோப் கார். முருகன் மயிலேறி உலகைச் சுற்றப் போன கதையைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டே அப்பத்தாக்கள் விஞ்சு வரிசையில் நிற்கிறார்கள். "படியேறி வர்றதா வேண்டியிருக்கேன் சாமி, நீங்க விஞ்சுல வாங்க" என்று ஒதுங்கிப் படிப்பக்கம் போகும் அப்பத்தாவும் உண்டு.

அடுத்த வாரம் கொங்கு நாட்டின் விசயமங்கலத்துக்குப் போவோம். வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்த இயந்திர யானை, அதை யாழ் வாசித்து அடக்கப்போய்ச் சிறைப்பட்ட உதயணன், சிறையிருந்த ஊரிலேயே அவனுக்கு வாய்த்த வாசவதத்தை. கொங்குவேளிரின் பெருங்கதை அது.

(தொடரும்)