பள்ளியும் பள்ளிக்கூடமும்: எல்லைப்புறத்தில் ஒரு சமுதாய நெறி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையை அடைகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறதேயன்றி, மண்ணும் மரவள்ளியும் தென்னையும் மாறுவதில்லை. பாட்டி தமிழிலும் பேரன் மலையாளத்திலும் பேசிக்கொள்ளும் வீடுகள் இவ்வட்டாரத்தில் உண்டு. 'பள்ளி' என்ற சொல்லைத் தமிழர் கல்விச்சாலை என்று கொள்வர். மலையாளிகள் தேவாலயம் என்று கொள்வர். ஆனால் பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கு இருவரிடத்தும் பொருள் ஒன்றே. தேவாலயத்தை அடுத்து ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம் நிற்பதும் இப்பகுதியில் சாதாரணமான காட்சியாகும்.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு இங்கே இரண்டு நிருவாகங்கள் உண்டு. லத்தீன் வழிபாட்டு முறையினருக்காக 1996-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி நெய்யாற்றின்கரை மறைமாவட்டமும், சீரோ மலங்கரை முறையினருக்காக 2017-ஆம் ஆண்டு பாறசாலை மறைமாவட்டமும் அமைக்கப்பட்டன. இவர்கள் நடத்தும் பள்ளிகளில் இந்துக்கள், முஸ்லிம்கள், பிற கிறிஸ்தவ சபையினர் ஆகியோரின் குழந்தைகளும் படிக்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் எந்த மாணவரையும் இசைவின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது விதி கூறுகிறது. ஆகவே இத்தகைய பள்ளி தன் சமயத்தை வகுப்பில் பாடமாக எல்லோருக்கும் சொல்ல இயலாது. ஆனால் அந்தச் சமயத்தின் சமுதாயப் போதனையை எல்லோருக்கும் நடைமுறையில் காட்ட இயலும். அது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

இந்தப் போதனை இக்கால வடிவில் தொடங்கியது 1891-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி. அன்று, தமிழ்க் கத்தோலிக்கர் சிங்கராயர் என்று அழைக்கும் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர், தொழிலாளர் நிலைமை குறித்து 'ரேரும் நொவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். 1931-இல் பதினோராம் பத்திநாதரும், 1961-இலும் 1963-இலும் இருபத்துமூன்றாம் அருளப்பரும், 2015-இல் பிரான்சிஸ் பாப்பரசரும் அதனை விரிவுபடுத்தினார்கள். இவற்றின் சாரத்தை நான்கு சொற்றொடர்களில் அடக்கலாம்: மனித மாண்பு, பொது நன்மை, ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்தல், சிறிய அமைப்புக்குரிய உரிமை. இறுதியாகச் சொன்னதை மொழிபெயர்ப்பது மொழிபெயர்ப்பாளருக்குச் சற்றுச் சிரமமானது. குடும்பமோ கிராமமோ தானே செய்துகொள்ளக் கூடியதை மேலேயுள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. அதே வேளையில் சிறியவை தவிக்கும்போது பெரியது உதவாமல் இருத்தலும் ஆகாது என்பதே அதன் கருத்து.

மாண்பு என்ற சொல் தொடக்கப் பள்ளியில் முதலில் சோதிக்கப்படும் இடம் வகுப்பறைப் பலகை. யார் யாரோடு அமரலாம் என்ற கேள்வியை இவ்வட்டாரம் நன்கு அறியும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த அருவிப்புறத்தில்தான் 1888-ஆம் ஆண்டு நாராயண குரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்து, சாதி வேற்றுமைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். இதே தாலுகாவின் வெங்கானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் குலக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டியவர் அவர். பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அப்பள்ளி 2022-ஆம் ஆண்டு முதல் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

திருச்சபையும் இக்குற்றத்திலிருந்து விலகி நின்றதாகச் சொல்ல முடியாது. எல்லைக்குத் தெற்கே நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் கிறிஸ்தவரானார். சாதி பாராது எல்லோரோடும் பழகிய அவர் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தின் தேவாலயத்தில், சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. அவருடைய பெயரோடு வழங்கிவந்த சாதிப்பெயரை வத்திக்கான் 2020-இல் நீக்கியது. 2022-ஆம் ஆண்டு மே 15-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆகவே இங்குள்ள ஆசிரியர் ஒருவர், வருகைப் பதிவேட்டில் உள்ள சாதியைக் கொண்டு குழந்தையை மதிப்பிடாமல், எல்லோரையும் கலந்து அமரச் செய்யும்போது, அது சிறிய செயல் அன்று. இரண்டு நூற்றாண்டுத் தாமதத்தை ஈடு செய்யும் செயலாகும்.

அடுத்தது உணவு. கோட்டயத்தை அடுத்த மான்னானத்தில் பணியாற்றிய குரியாக்கோஸ் சாவறை அடிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒவ்வொரு தேவாலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏழைக் குழந்தைகள் பசியோடு படிக்க இயலாது என்பதை உணர்ந்து, இல்லந்தோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பழக்கத்தையும் ஊக்குவித்தார். தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. கேரள அரசு 1984-இல் தொடக்கப் பள்ளிகளில் தன் திட்டத்தை ஆரம்பித்தது. பிடியரிசியில் இருந்தது அயலாரின் அன்பு. அரசு உணவில் இருப்பது குழந்தையின் உரிமை. இவ்விரண்டையும் பிணைப்பவர்கள் தலைமையாசிரியரும் சமையல் தொழிலாளியும் ஆவர். உணவுக்கான பணம் காலந்தாழ்ந்து வருவதால் தாங்கள் சுமக்க நேர்ந்த கடனைப் பற்றி 2023-இல் கேரளத் தலைமையாசிரியர்கள் உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டியதாயிற்று. ஐந்நூறு பிள்ளைகள் வரை ஒரே சமையலாள் என்ற அளவுகோலும் பெரும் எதிர்ப்புக்குள்ளாயிற்று. மேலேயுள்ள பெரிய அமைப்பு சிறியதற்கு உதவ வேண்டும் என்ற நெறி, பருப்புச் சட்டி ஏறியுள்ள அடுப்பின் அருகில் எவ்வளவு உயிருள்ள பிரச்சினையாகிறது என்பதை இங்கே காணலாம்.

மூன்றாவது, ஊதியம். 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் உயிர்நாடி, நியாயமான கூலி என்பதே. தொழிலாளி ஒப்புக்கொண்டான் என்பதனாலேயே குறைந்த கூலி நியாயமாகிவிடாது. அவன் சிக்கனமாகவேனும் வாழ அது போதியதாக இருக்க வேண்டும் என்று அது கூறியது. ஆனால் கேரளத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில், கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் பெற்ற தொகை ஒன்று என்ற அவலத்தை ஆசிரியர்கள் நெடுங்காலம் அனுபவித்தார்கள். 1957-இல் கல்வி மந்திரியாக இருந்த ஜோசப் முண்டசேரி, தாமும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருச்சூர்க் கத்தோலிக்கக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவர் கொண்டுவந்த கல்வி மசோதா, ஆசிரியர் சம்பளத்தை அரசே நேரடியாக வழங்க வகை செய்தது. நிருவாக உரிமை பறிபோகும் என்று திருச்சபை அஞ்சியது. 1958-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த கருத்துரை, சிறுபான்மையினரின் நிருவாக உரிமையை ஏற்றது. எனினும் சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று வரம்பும் கட்டியது. 1959-இல் பெரும் போராட்டம் மூண்டு, ஜூலை 31-ஆம் தேதி மந்திரிசபை கலைக்கப்பட்டது.

இரு தரப்புக்கும் சொல்ல வேண்டியது இருந்தது. மூலத்தைப் பிடித்துப் பார்ப்பவருக்கு ஒன்று மட்டும் தெளிவு: ஆசிரியருக்கு முழுச் சம்பளம் என்பது திருச்சபையின் சொந்தப் போதனையே. இன்று உதவி பெறும் பள்ளிகளில் சம்பளத்தை அரசு தருகிறது. நியமனத்தை நிருவாகம் செய்கிறது. நியமனத்துக்குப் பணம் கேட்கப்படுகிறது என்ற முறையீடு கேரளத்துத் தனியார் பள்ளிகளைப் பற்றிப் பொதுவாக எழுந்து வருவது. வேலையைக் கைக்காசு கொடுத்து வாங்கிய ஆசிரியர், ஏழைக்கு முன்னுரிமை பற்றிப் பேசும்போது அச்சொல்லுக்கு வலு ஏது? சமுதாயப் போதனைக்கு இதைவிட நேரான பரீட்சை வேறில்லை.

நான்காவது, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு மிக அண்மையானது: மொழி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாவது திருத்தத்தால் அரசியலமைப்பில் 350-ஏ என்ற விதி சேர்ந்தது. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. பள்ளி முழுவதிலும் நாற்பது மாணவரோ, ஒரு வகுப்பில் பத்து மாணவரோ இருந்தால் அம்மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று மாகாணக் கல்வி மந்திரிகள் 1949-ஆம் ஆண்டிலேயே உடன்பட்டிருந்தார்கள்.

எண்ணிக்கை குறையும்போது இந்த உரிமை மெல்லக் கரைகிறது. பிறப்பு குறைகிறது, ஆங்கிலப் பள்ளிகள் ஈர்க்கின்றன, தமிழ்ப் பிரிவில் ஒன்பது பேர் மிஞ்சும்போது பத்தாவது குழந்தையை எவர் தருவது? மலையாளத்தில் படித்தால் வேலை எளிது என்று தந்தை கணக்கிடுவதையும் குறை கூற முடியாது. எனினும் தமிழ் இம்மண்ணுக்கு விருந்தாளி அன்று. இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் என்று போற்றப்படும் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழில் அச்சிடப்பட்டது.

1963-இல் வெளிவந்த 'பாச்சேம் இன் தெர்ரிஸ்' என்ற சுற்றுமடல் இதற்கு ஒரு நடுநிலையான வழியைக் காட்டுகிறது. சிறுபான்மை மக்களின் மொழியையும் பண்பாட்டையும் ஒடுக்குவது நீதிக்கு விரோதம் என்றும், அரசு அவற்றை வளர்க்க உதவ வேண்டும் என்றும் அது கூறுகிறது. அதோடு நிற்கவில்லை. சிறுபான்மையோரும் தம் தனித்தன்மையை மிகைப்படுத்திக்கொண்டு ஒதுங்கலாகாது. தம்மைச் சூழ்ந்து வாழ்வோரின் நற்பண்புகளை ஏற்று, இரு மரபுகளுக்கும் இடையே பாலமாக வேண்டும் என்றும் கூறுகிறது. முதற்பகுதியை மட்டும் படிப்பது நமக்கு இனிது. இரண்டாம் பகுதியைப் படிப்பதே நேர்மை.

பாறசாலைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தமிழ்க் குழந்தை மலையாளத்தைத் தடுமாறிப் பேசும்போது, ஆசிரியர் சிரிக்கலாம். அல்லது அக்குழந்தை வீட்டில் சொல்லும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, மலையாளச் சொல்லையும் பக்கத்தில் எழுதலாம். இரண்டாவது செயலுக்குச் செலவு ஒரு சுண்ணக்கட்டி. ஆனால் அக்குழந்தைக்குத் தன் தாயின் பேச்சு தாழ்ந்ததன்று என்ற உறுதி கிடைக்கிறது. மலையாளக் குழந்தைக்கு அயலான் மொழி பழக்கமாகிறது. பெற்றோர் கூட்டத்தில் இரண்டு மொழியிலும் அறிவிப்பைப் படிப்பதும் இத்தகையதே. இவற்றுக்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை. சிறிய அமைப்புக்குரிய உரிமை என்பது இங்கேதான் பயன்படுகிறது.

டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்கள் இதிலிருந்து இரண்டு காரியங்களை மேற்கொள்ளலாம். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளைப் போலத் தமிழ் கற்பிக்கும் இடம் நம் நகரத்தில் இருக்குமாயின், பத்தாவது குழந்தையாக நம் குழந்தையைச் சேர்த்து அதனை நிலைக்கச் செய்ய வேண்டும். அப்படியோர் இடம் இல்லாத ஊரில், குழந்தை படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாது செல்ல வேண்டும். அங்கே நம் குழந்தையின் மதிப்பெண்ணை மட்டும் கேட்டுத் திரும்பாமல், சமையல் அம்மாளுக்குச் சம்பளம் உரிய நாளில் கிடைக்கிறதா, நேற்று ஊருக்கு வந்த கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு முன்பலகையில் இடம் கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும். எந்தச் சமயத்தாருக்கும் இக்கேள்விகள் பொருந்தும். அவற்றைக் கேட்பதற்கு எந்த மொழியும் போதும்.