கோழி முட்டையிட முன் வந்துவிடும் தவணை

வன்னியில் மேலதிக வருமானம் பற்றி யாரோடு கதைத்தாலும் முதலில் வருகிற கேள்வி "என்ன செய்யலாம்?" என்பதுதான். கோழியா, ஆடா, தையலா, மிளகாய்த்தூளா? மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்தக் கேள்விக்குப் பதிலோடு எத்தனையோ நிறுவனங்கள் வந்து போயின. கூட்டங்களில் படம் எடுத்தும் செய்தி எழுதியும் நானும் அவற்றின் பின்னால் அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலில் எனக்கு விளங்கியது, கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. போட்ட காசு எத்தனை நாளில் திரும்பி வரும்? அதற்குள் கையை விட்டு எவ்வளவு போகும்?

கோழியையே எடுங்கள். ஊர்க்கோழிக் குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து, ஆறு மாதம் பிடிக்கும். அதற்குள் தீன் வாங்க வேண்டும், கூடு அடிக்க வேண்டும், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட வேண்டும். கீரி, பாம்பு கொண்டுபோவதையும் கணக்கில் வைக்க வேண்டும். கையில் இருக்கும் காசில் பத்துக் குஞ்சு வாங்கியவருக்கு இதெல்லாம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் குழுக்கடன் எடுத்து வாங்கியவருக்கு அடுத்த கிழமையே தவணை தொடங்கிவிடும். கிளிநொச்சியில் ஒரு அக்கா இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, கோழி கொக்கரிக்க முதல் லோன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்." அவர் முதல் ஐந்து மாதத் தவணையையும் கூலி வேலைக்குப் போய்த்தான் கட்டினார். மேலதிக வருமானத்துக்கென்று எடுத்த கடன், இருந்த வருமானத்தையும் தின்றது.

வட்டிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டி என்கிறார்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமையில் கட்ட வேண்டும். கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கட்டி முடிந்த பிறகு உங்கள் கையில் இருக்கிற கடன் அரைவாசிதான். வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு 50,000 ரூபாவுக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் கடன் மீதிக்குக் கணக்குப் பார்த்தால், 24 என்று சொன்ன வட்டி 40 வீதத்தைத் தாண்டும். ஆகவே கடன் தருகிறவரிடம் "எத்தனை வீதம்?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "குறைகிற மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்றும் கேளுங்கள். மத்திய வங்கி 2018 இன் இறுதியில் நுண்கடன்களுக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்க வேண்டிவந்ததும், அதே ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவித்ததும் சும்மா நடந்தவை அல்ல. அதற்கு முன் எத்தனை வீடுகளில் பகலிலும் கதவு பூட்டிக் கிடந்தது என்பது ஊருக்குத் தெரியும்.

உதவியாகக் கிடைத்தவற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே கிராமத்தில் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால், தைக்கக் கொடுப்பவர் யார்? பாடசாலை தொடங்கும் காலத்தில் சீருடை, தீபாவளி, பொங்கலுக்குச் சட்டை. மற்ற மாதங்களில் இயந்திரத்தின் மேல் துணி மூடியிருக்கும். திட்ட அறிக்கையில் அது பத்துப் பயனாளிகள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இடியப்பம், தோசை, வடை போன்ற சமையல் இருக்கிறது. காலையில் போட்ட காசு பத்து மணிக்குள் திரும்பிவிடும், கடன் தேவையில்லை. ஆனால் இதில் ஏமாறுவது வேறு இடத்தில். வீட்டுத் தேங்காய், பொறுக்கி வந்த விறகு, மூன்று மணிக்கு எழும்பிய உடம்பு, இவை எதுவும் கணக்கில் வருவதில்லை. கடைக்காரர் விற்காததைத் திருப்பித் தந்தால் அந்த நட்டமும் வீட்டோடு போய்விடும். முல்லைத்தீவில் நான் சந்தித்த ஒரு பெண் பிள்ளையின் பழைய கொப்பியில் தேங்காயைச் சந்தை விலைக்கே எழுதி வைத்திருந்தார். ஒரு மாதம் எழுதிப் பார்த்ததில், கடைக்குக் கொடுக்கும் இடியப்பத்தில் கூலிகூட மிஞ்சவில்லை என்றும், வீட்டு வாசலில் விற்பதில்தான் மிஞ்சுகிறது என்றும் கண்டுகொண்டார். கடைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். எந்தப் பயிற்சிப் பட்டறையும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தொலைபேசியில் வரும் வேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்தே நாளுக்கு ஆயிரக்கணக்கில் உழைக்கலாம், முதலில் சிறு தொகை கட்டுங்கள், இன்னும் நாலு பேரைச் சேருங்கள் என்று வட்ஸ்அப்பில் வருகிறவை பெரும்பாலும் பிரமிட் வலைதான். வங்கித் தொழில் சட்டப்படி அது நாட்டில் தடைசெய்யப்பட்டது. வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. சேர்த்துவிடுகிற ஆள் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார் என்பதால்தான் மறுக்கக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை தருவது பனை. காலம் காலமாக நாங்கள் அறிந்த தொழில் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் விழுகிற பனம்பழத்தின் விதையைப் பொறுக்கிப் பாத்தி போட முதல் பெரிதாகத் தேவையில்லை. மார்கழி, தையில் கிழங்கு வரும். ஆனால் அப்போது எல்லாருடைய பாத்தியும் ஒரே நேரத்தில் கிண்டப்படும், வீதியோரமெல்லாம் கிழங்குக் கட்டு, விலை விழுந்துவிடும். அந்தக் கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நன்றாகக் காய்ந்து காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், காயாமல் கட்டினால் உழுத்துப்போகும். எடை பாதிக்குக் கீழே இறங்கும், தோல் உரிக்கும் கூலியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே விலை போட வேண்டும்.

வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வந்து பெட்டியில் கொண்டுபோவதை நம்பி மட்டும் இதைப் பெருக்கக் கூடாது. ஆவணி முடிய அந்த வாங்கல் நின்றுவிடும். கொழும்புக் கடையொன்றோடு நாலைந்து பெண்கள் சேர்ந்து பேசினால் தொகையும் கூடும், போக்குவரத்துச் செலவும் பங்காகும். தனியொருத்திக்கு ஐந்து கிலோவுக்கு லொறி வராது.

கடந்த தை மாதம் இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் பெண்கள் சிலரிடம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். உலர்த்தும் இயந்திரம் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். வெயில் இருக்கிறது தம்பி, படங்கு இருக்கிறது, என்றார்கள். அவர்கள் கேட்டது, தையில் கிழங்கை மலிவாக விற்றுத் தள்ளாமல் சித்திரை வரை பொறுத்திருக்க மூன்று மாத வீட்டுச் செலவுக்கான காசு. அதையும் கிழமைத் தவணையில்லாமல், ஒடியல் விற்ற பிறகு ஒரே தரமாகத் திருப்பித் தரலாம் என்றார்கள்.