வானத்தில் எரியும் வால்வு

தோட்டத்து வீடுகளின் கூரைமீது வட்டத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்தபடி இருப்பதை இன்று எங்கும் காண்கிறோம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துணைக்கோளம் அனுப்பும் படத்தை அதுதான் வாங்கித் தருகிறது. கனத்த மழை வந்தால் படம் நின்றுவிடும். மழைத்துளிகள் அலையை விழுங்கிவிடுகின்றன. லேசான மழையையாவது தாண்டி வரவேண்டுமானால் அலைக்கு நல்ல வலு வேண்டும். அந்த வலுவைக் கொடுப்பது எது தெரியுமா? தாத்தா காலத்து ரேடியோப் பெட்டிக்குள் சிவந்து எரிந்த வால்வின் உறவுக்காரன்தான்!

டிரான்சிஸ்டர் வந்ததும் ரேடியோவிலிருந்து வால்வுகள் மறைந்தன. ஆனால் நுண்ணலைகளைப் பெரிய வலுவோடும் குறைந்த மின்செலவிலும் பெருக்க, துணைக்கோளங்களில் இன்றும் ஒருவகை வால்வு வேலை செய்கிறது. அதன் பெயர் பயண அலைக் குழல்.

காற்று நீக்கிய நீண்ட குழல் அது. ஒரு முனையில் சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, மறுமுனைக்கு நேராகப் பாய்கின்றன. அவை சிதறாதபடி காந்தங்கள் காக்கின்றன. அந்தப் பாதையைச் சுற்றி, ஸ்பிரிங்கைப் போல் சுருட்டிய கம்பி ஒன்று உண்டு. பெருக்க வேண்டிய அலை கம்பி வழியே ஓடுகிறது.

கம்பியைச் சுருட்டுவது ஏன்? அலை ஒளியின் வேகத்தில் ஓடும். எலெக்ட்ரான்கள் அதைவிடப் பல மடங்கு மெதுவானவை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடுவதால் வண்டி எவ்வளவு ஓடினாலும் முன்னேறும் தூரம் குறைவு. அலையும் அப்படியே சுற்றிச் சுற்றி வந்து எலெக்ட்ரான்களோடு சேர்ந்து நகர்கிறது. சற்றே முந்தப் பார்க்கும் எலெக்ட்ரான்கள் கூட்டங் கூட்டமாகச் சேர்ந்து வேகம் குறைகின்றன. அவை இழக்கும் சக்தி அலைக்குப் போகிறது. குழலைக் கடப்பதற்குள் அலை பல்லாயிரம் மடங்கு வலுப்பெற்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் மின்னியல் படித்தவர் அல்லர். ருடால்ப் கோம்ப்னர், வியன்னாவில் கட்டடக் கலை படித்தவர். 1934-இல் இங்கிலாந்து சென்று கட்டட வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் லண்டன் காப்புரிமை அலுவலக நூலகத்தில் உட்கார்ந்து தாமாகவே இயற்பியல் கற்றார். போர்க்காலத்தில் அந்நியர் என்று சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். வெளியே வந்தபின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. 1943-இல் அங்கேதான் இக்குழலை உருவாக்கினார்.

1962-இல் அட்லாண்டிக் கடலுக்கு மேலாகத் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பிய டெல்ஸ்டார் துணைக்கோளத்தில் இக்குழல் இருந்தது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களிலும் இருக்கிறது. ஒரு சிறு மின்விளக்கின் அளவான, ஏறத்தாழ 20 வாட் சக்திதான். ஆனாலும் 2,000 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து செய்தி பூமிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெற்றோர்களே, "படிப்பது ஒன்று, புரட்டுவது வேறொன்றா?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் கோம்ப்னரை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகம் எதுவானாலும் கையில் இருக்கட்டும்.